நெய்யில் இடும் முருங்கையிலை

(இளையாத்தங்குடி அருள்மிகு கயிலாசநாதர் – நித்தியகல்யாணி அம்மன் திருக்கோயிலுக்கு வரும் அன்பர்களின் பொருட்டு அமைந்த உரை)



நகரத்தாருக்குரிய ஒன்பது திருக்கோயில்களை எண்ணுவோர் முதற்கண் வைத்து எண்ணுவது இளையாத்தங்குடியை. கயிலாசநாதரையும் நித்தியகல்யாணி அம்மையையும் வழிபட வருவோரின் அருச்சனைத் தட்டில் வில்வம் இருக்கின்றது; வெற்றிலை இருக்கின்றது; மஞ்சளும் எலுமிச்சையும் இருக்கின்றன. வழிபாட்டுப் பொருள்களாகிய இவை யாவும் சித்த மருத்துவ நூல்களில் மருந்துப் பொருள்களாகவும் வருகின்றன. இதில் வியப்பொன்றும் இல்லை. கோயிலும் மருத்துவமும் ஒரே மண்ணில் முளைத்த மரங்களையே நாடின.

ஆயினும் அண்மைக் காலத்தில் இத்தாவரங்களின் மேல் ஒரு புதுச் சொல் வந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றது. நெல்லிப்பொடி, முருங்கையிலைத் தூள், மஞ்சள் மாத்திரை என எதனை வாங்கினாலும் அதன் உறையில் ‘ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைந்தது’ என்று அச்சிடப்பெற்றுள்ளது. அச்சொல்லின் பொருள் வாங்குவோருக்கும் தெரிவதில்லை. விற்போர் பலருக்கும் தெரிவதில்லை. தெரியாமையால் வரும் தீங்கு சிறிதாயின் பேச வேண்டுவதில்லை. முதியோர் சிலர் அச்சொல்லை நம்பி, மருத்துவர் தந்த சர்க்கரை நோய் மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிடுகின்றனர் என்பதே பேச வைக்கின்றது.

அச்சொல்லைத் தமிழில் ‘ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்’ என்பர். நாவுக்குக் கடினமான இச்சொல்லின் பொருளை, படிப்பறியாத செட்டிநாட்டு ஆச்சிமார் அடுப்படியிலேயே அறிந்திருந்தனர். வெண்ணெயை உருக்கி நெய்யாக்கி இறக்கும் தறுவாயில் ஒரு கொத்து முருங்கையிலையை அதில் இடுவது தமிழகத்து வழக்கம். சில வீடுகளில் கறிவேப்பிலை இடுவர்; சில வீடுகளில் வெற்றிலையைக் கிள்ளியிடுவர். இலை படபடவென்று பொரிந்து அடங்கும். நெய்க்கு மணம் வரும் என்பது ஒரு காரணம். நாள்பட்டாலும் நெய் காறாது என்பது மற்றொரு காரணம். நெய்யிலும் எண்ணெயிலும் உள்ள கொழுப்பு, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கலந்து சிதையும்போதுதான் அந்தக் காறல் வாடை எழுகின்றது. ஒரு மூலக்கூறு சிதைந்தால் அது அடுத்ததைச் சிதைக்கும். அது அதற்கடுத்ததைச் சிதைக்கும். ஒரு வீட்டுக் கூரையில் பற்றிய தீ தெருவெல்லாம் பரவுவது போன்றது இது. இலையிலுள்ள பாலிஃபீனால் முதலிய பொருள்கள் இடையில் புகுந்து, தாம் சிதைந்து, அத்தொடரை அறுக்கின்றன. ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான் என்பது இவ்வளவே. வெற்றிலையும் கறிவேப்பிலையும் முருங்கையிலையும் நெய் கெடுவதைத் தாமதப்படுத்துகின்றன என்று பால்பொருள் ஆய்வாளர்களும் சோதித்து எழுதியுள்ளனர்.

திருவிளக்குக்கு வார்க்கும் நல்லெண்ணெய்க்கும் இத்தகைய காவல் உண்டு. அது வெளியிலிருந்து இட்டதன்று, எள்ளுக்குள்ளேயே இருப்பது. எள்ளில் செசமின், செசமோலின் என்னும் பொருள்கள் உள்ளன. எண்ணெய் சூடேறும்போது செசமோலின் பிரிந்து செசமால் என்னும் வலிய தடுப்பான் உண்டாகின்றது. மற்ற எண்ணெய்கள் விரைவில் காறிப்போக, நல்லெண்ணெய் நெடுநாள் நிற்பதற்கு இவையே காரணம். ஊறுகாய்ச் சாடியின் மேல் நல்லெண்ணெய் நிற்க வேண்டும் என்று மூத்தோர் கண்டிப்பாய் இருந்ததும் இதனால் விளங்கும்.

வாழைத்தண்டை நறுக்கியவுடன் மோர் கலந்த நீரில் போடுவதும் ஏறத்தாழ இவ்வகையினது. நறுக்கிய இடத்தில் காற்றுப் பட்டால் தண்டிலுள்ள நொதி ஒன்று வேலை செய்து அதனைக் கறுக்க வைக்கும். மோரின் புளிப்பு அந்நொதியை அடக்குகின்றது. இங்கே காப்பது தடுப்பான் என்பதைவிடப் புளிப்பு என்பதே சரி. எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்துவிடுதல் எளிது. ஆனால் அறிவியலுக்கும் அது பொருந்தாது, சித்தர் மரபுக்கும் பொருந்தாது.

ஆக்ஸிஜனால் வரும் அழிவையும் ஆராயும் நிறுவனம் ஒன்று இப்பகுதியில் இருப்பதை அன்பர்கள் அறிவர். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அது. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். இரும்பு ஏன் துருப்பிடிக்கின்றது, அதனை எவ்வாறு தடுப்பது என்பது அங்கு நடைபெறும் ஆய்வுகளுள் முதன்மையானது. துரு என்பது இரும்பு, ஈரத்தின் துணையோடு ஆக்ஸிஜனுக்கு இரையாவதன்றி வேறில்லை. தாவரச் சாறுகளைக் கொண்டு உலோகத்தின் அரிப்பைக் குறைக்க இயலுமா என்று தமிழகத்துக் கல்லூரிகளின் வேதியியல் துறைகள் பல ஆராய்ந்துள்ளன. குறையவும் செய்கின்றது. எனினும் அங்கே இலைச்சாறு பெரும்பாலும் உலோகத்தின் மேல் மெல்லிய போர்வையாய்ப் படிந்து காக்கின்றது. நெய்யில் செய்வதுபோல் தொடரை அறுப்பதன்று. காப்பது ஒன்றாயினும் காக்கும் வழி வேறு.

கடுக்காயும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. செட்டிநாட்டு வீடுகளின் சுவர், கண்ணாடிபோல் முகம் தெரியும் வழவழப்போடு நிற்கின்றது. அந்தச் சுண்ணாம்புச் சாந்துக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் சேர்க்கப்பெற்றது. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமாகிய டானின், உலோகங்களையும் புரதத்தையும் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. தோல் பதனிடுவோரும் துணிக்குச் சாயம் ஏற்றுவோரும் அந்த இயல்பைக் கொண்டே பிழைத்தனர். கடுக்காய் நீரில் அன்னபேதியை இட்டால் நீர் கறுத்து எழுதும் மையாகும். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. டானின் இரும்பைப் பற்றுவதைக் கண்ணெதிரே காட்டும் சோதனை இதைவிட வேறு வேண்டா. உடலிலும் தனித்துத் திரியும் இரும்பு ஆக்ஸிஜனேற்றத்தை முடுக்கிவிடும் ஆதலின், இப்பற்றுதல் ஒருவகையில் நன்மையாகின்றது. அதே பற்றுதல் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேராமல் தடுக்கவும் செய்யும். இரத்தச் சோகையுள்ள பெண்கள் உணவோடு சேர்த்துத் துவர்ப்புப் பொருளை மிகுதியாகக் கொள்வதும், உண்டவுடன் தேநீர் அருந்துவதும் தகாது என்று மருத்துவர் கூறுவது இதனாலேயே. ஒரே குணம் ஒருவர்க்கு மருந்தாகவும் மற்றொருவர்க்குத் தடையாகவும் நிற்கின்றது.

இனி உடலுக்கு வருவோம். மூச்சில் ஏற்கும் ஆக்ஸிஜனைக் கொண்டே ஒவ்வோர் உயிரணுவும் உணவை எரித்து ஆற்றல் பெறுகின்றது. அவ்வெரிப்பில் சிறு பங்கு சிதறி, இணையில்லா எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுகளாகின்றது. இவற்றைத் தனி உறுப்புகள் என்று வேதியியல் நூல்கள் குறிக்கும். இணை தேடித் தவிக்கும் இவை அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபணுவையும் தாக்குகின்றன. முதுமைக்கே இத்தாக்குதல்தான் காரணம் என்று 1956இல் டென்ஹாம் ஹார்மன் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு கொள்கையை வெளியிட்டார். நெய் காறுவதும் இரும்பு துருப்பிடிப்பதும் உடல் தளர்வதும் ஒரே கணக்கு என்று உலகம் எளிதில் நம்பியது. அப்படியானால் தடுப்பானை மிகுதியாக உண்டால் மூப்பும் நோயும் விலகும் அன்றோ? இந்தக் கேள்வியின் மீதே பெரும் வாணிகம் எழுந்தது.

ஆனால் உடல் நெய்க்குடமன்று. உடலுக்குத் தன் காவலர் உண்டு. 1969இல் மெக்கார்டு, ஃப்ரிடோவிச் என்னும் இருவர், தனி உறுப்புகளை அடக்குவதற்கென்றே உயிரணுக்களில் ஒரு நொதி இருப்பதைக் கண்டறிந்தனர். அதனோடு காட்டலேஸ், குளூட்டாதயோன் முதலியவையும் இரவும் பகலும் பணி செய்கின்றன. இதனினும் வியப்பு, உடலே தனி உறுப்புகளை வேண்டுமென்று உண்டாக்கவும் செய்கின்றது. கிருமி நுழைந்தால் வெள்ளையணுக்கள் அதனை விழுங்கி, இத்தனி உறுப்புகளைப் பொழிந்தே கொல்கின்றன. ஆகவே அவற்றை அடியோடு ஒழிப்பதும் நன்றன்று; அளவில் வைப்பதே உடலின் கருத்து.

மிகுந்தால் என்ன நேரும் என்பதற்கு இரு பெரும் ஆய்வுகள் சான்று பகர்கின்றன. பின்லாந்து நாட்டில் புகைப்பழக்கமுள்ள ஆடவர் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. கீரையிலும் காரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டின் என்னும் தடுப்பானை மாத்திரையாக உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தனர். குறையவில்லை, நூற்றுக்குப் பதினெட்டு பங்கு கூடியது. அமெரிக்காவில் புகைப்போரிடமும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலில் இருந்தோரிடமும் நடந்த இதுபோன்ற ஆய்வில் 28 விழுக்காடு கூடியது. 1996 ஜனவரியில் மாத்திரை கொடுப்பதை இடையிலேயே நிறுத்திவிட்டனர். கீரையை உண்டவர்க்குத் தீங்கு நேர்ந்ததாக இவ்வாய்வுகள் கூறவில்லை என்பதை அன்பர்கள் மறவாது குறித்துக்கொள்ள வேண்டும். கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்துப் பன்மடங்காக்கி மாத்திரையில் அடைத்ததே வினை.

அங்ஙனமாயின் ‘இம்மூலிகையில் தடுப்பாற்றல் மிகுதி என ஆய்வில் நிறுவப்பெற்றது’ என்று செய்தி வருகின்றதே, அது பொய்யா? பொய்யன்று. அந்த ஆய்வு எத்தகையது என்பதுதான் கேள்வி. டி.பி.பி.எச். என்னும் பொருளின் கரைசல் ஆழ்ந்த ஊதா நிறமுடையது. அதில் மூலிகைச் சாற்றை விட்டால் ஊதா மங்கி மஞ்சளாகும். எவ்வளவு விரைந்து, எவ்வளவு சிறிய துளியால் நிறம் மாறுகின்றது என்று அளந்து அம்மூலிகையின் ஆற்றலைச் சொல்வர். மிக எளிய சோதனை, செலவும் குறைவு. கல்லூரி மாணவரும் ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். நெல்லியும் கடுக்காயும் ஆவாரையும் நாவற்பழமும் இச்சோதனையில் நன்றாகவே தேறுகின்றன. ஆனால் கண்ணாடிக் குழாய்க்கு இரைப்பை இல்லை, கல்லீரல் இல்லை, சிறுநீரகம் இல்லை. குழாயில் நிறம் மாற்றிய பொருள் குடலில் உறிஞ்சப்படுமா, குருதியில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதனை அந்த ஊதா நிறம் அறியாது. உணவுப் பொருள்களின் இத்தகைய ஆற்றலை எண்ணாக வரிசைப்படுத்தி அமெரிக்க வேளாண்மைத் துறை ஓர் அட்டவணை வெளியிட்டிருந்தது. வாணிகர் அதனைத் தவறாகப் பயன்படுத்துகின்றனர் என்றும், அவ்வெண்கள் உடல்நலத்தைக் குறிக்கமாட்டா என்றும் கூறி, 2012இல் அத்துறையே அதனைத் திரும்பப் பெற்றது.

நெல்லிக்கனியை எடுத்துக்கொள்வோம். தகடூர் அதியமான் தனக்குக் கிட்டிய அரிய கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த செய்தியைப் புறநானூறு காத்து வைத்துள்ளது. நெல்லியில் வைட்டமின் சி 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் என்று பழைய உணவு அட்டவணைகள் குறித்தன. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணை அதில் பாதிக்கும் குறைவாகவே காட்டுகின்றது. கொய்யாப்பழமும் ஏறக்குறைய அதனருகில் நிற்கின்றது. ஏழை வீட்டுக் கொல்லையில் கொய்யா மரம் இருந்தால் நெல்லிச் சாற்றுப் புட்டிக்கு ஏங்க வேண்டுவதில்லை. நெல்லியின் சிறப்பு வைட்டமினோடு முடியவும் இல்லை. அதன் துவர்ப்பில் உள்ள காலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம் முதலியவையும் தடுப்பான்களே. கனி காய்ந்து வற்றலான பின்னும் தடுப்பாற்றல் முற்றும் அழியாதிருப்பதற்கு இத்துவர்ப்புப் பொருள்கள் துணை நிற்கின்றன. ஏகாதசி நோன்பிருந்தோர் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையோடும் சுண்டைக்காயோடும் நெல்லியைச் சேர்ப்பது பழைய வழக்கம். சமய வழக்கம் ஒவ்வொன்றுக்கும் வேதியியல் சான்று தேடி அலைவது தேவையன்று; நோன்புக்குப் பின் எளிய உணவாக அளவோடு உண்டார்கள் என்ற ஒன்றே போதும்.

மஞ்சளின் செய்தி இன்னும் விரிவானது. புண்ணாற்றும் மஞ்சளுக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பெற்றது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூற்சான்றுகளைக் காட்டி வழக்காடி, 1997இல் அதனை நீக்கச் செய்தது. நாட்டின் பாட்டிமார் அறிந்ததைப் புதிதென்று பதிய இயலாது எனத் தீர்ப்பானது. அது பெருமைக்குரியதே. ஆனால் மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமின், உலர்ந்த மஞ்சளில் நூற்றுக்கு மூன்று பங்களவே உள்ளது. அதுவும் வாய்வழி உண்டால் குருதியில் மிகச் சிறிதே சேர்கின்றது. 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஆய்வாளர்கள் இரண்டு கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளாகிய பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, குருதியில் அது சேரும் அளவு இருபது மடங்கு கூடியதாகக் கண்டனர். மிளகும் மஞ்சளும் சேராத செட்டிநாட்டுக் குழம்பு உண்டோ?

இச்செய்தியைக் கேட்டவுடன் மகிழ்ச்சி மேலிடுவது இயல்பு. ஆயினும் மறுபக்கமும் உண்டு. பைப்பரின், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் வேலையை மந்தமாக்கியே இவ்வாறு செய்கின்றது. ஆகவே உடன் உண்ணும் வேறு மாத்திரையின் அளவும் குருதியில் ஏறிவிடக்கூடும். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பழுதுற்ற நிகழ்வுகள் 2019இல் இத்தாலியிலும், 2022இல் அமெரிக்காவிலும் பதிவாகியுள்ளன. அமெரிக்க நிகழ்வுகளில் சிலவற்றில் மிளகுப் பொருளும் சேர்ந்திருந்தது. குழம்பில் இடும் சிட்டிகை மஞ்சள் வேறு. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பிரித்தெடுத்த மாத்திரை வேறு. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் இத்தகைய மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் தொடுதல் கூடாது.

சித்த மருத்துவமும் இதனை அறியாததன்று. மூலிகையெனில் தீங்கே இல்லை என்று சித்தர் மரபு எங்கும் சொல்லவில்லை. திரிபலைக்குக் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகிய மூன்றைச் சேர்ப்பவர் கடுக்காயின் கொட்டையை நீக்கிய பின்பே இடிப்பர்; இஞ்சியைத் தோல் சீவிய பின்பே மருந்தில் சேர்ப்பர். முன்னதற்கு உள்ளேயும் பின்னதற்கு வெளியேயும் நஞ்சுண்டு என்பது அவர்கள் கொள்கை. மருந்துண்ணும் காலத்தில் அகத்திக்கீரை ஆகாது, அது மருந்தை முறிக்கும் என்று விலக்கினர். உணவும் மருந்தும் ஒன்றோடொன்று பொருதும் என்பதை இன்றைய மருந்தியல் பேசுவதற்கு நெடுங்காலம் முன்னரே பத்தியம் என்னும் பெயரால் அவர்கள் பேசிவிட்டனர். ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவில்லை என்னும் கருத்துடைய பழமொழியைச் சொல்லி ஆவாரம்பூப் பொடியை விற்போர், பத்தியத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

சர்க்கரை நோய்க்கு ஆவாரையும் வில்வ இலையும் நாவற்கொட்டையும் மரபாக வழங்கிவரும் பொருள்களே. இவற்றுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் இருப்பதாக விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளும் கூறுகின்றன. அவ்வாற்றல் உண்மையாயின், மாத்திரையோடு இவற்றையும் மிகுதியாக உண்பவர்க்குச் சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். ஆற்றல் போதாதாயின், மாத்திரையை நிறுத்தியவர்க்குச் சர்க்கரை ஏறிக் கண்ணும் சிறுநீரகமும் காலும் கெடும். இரண்டில் எது நேர்ந்தாலும் அதனைப் பொடியின் உறை சொல்லாது. குருதிச் சோதனைதான் சொல்லும்.

சர்க்கரை நோய், புற்றுநோய் முதலியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்தலை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கின்றது. அத்தகைய விளம்பரத்தோடு வரும் பொட்டலம் எதுவாயினும் அது சட்டத்துக்குப் புறம்பாக வருகின்றது என்பதனை அறிந்து விலகலாம். சித்த மருந்தேயாயினும் உரிமம் பெற்ற தயாரிப்பாளரின் உரிம எண்ணும், தயாரித்த நாளும், முடிவு நாளும் உறையில் இருத்தல் வேண்டும்.

சித்த மருத்துவத்தை நாடுவோர்க்கு வழியில்லாமல் இல்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் நடந்து வருகின்றது. சென்னை தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் திறக்கப்பெற்றது. அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் சித்த மருத்துவப் பிரிவு இயங்குகின்றது. பட்டம் பெற்ற மருத்துவர் இருப்பார். மருந்தும் கட்டணமின்றி வழங்கப்பெறும். அங்குச் செல்லும் முதியோர் தாம் உண்ணும் ஆங்கில மருந்துகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துச் சென்று மேசைமேல் கொட்டிக் காட்டுதல் நன்று. ஆங்கில மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டில் உண்ணும் பொடியையும் லேகியத்தையும் அதே பையில் கொண்டு செல்ல வேண்டும். ஏசுவார் என்று அஞ்சி மறைப்பவர் பலர். ஏசினாலும் ஏசட்டும், இரண்டையும் ஒருசேரப் பார்த்தவர்க்கே எதனை நிறுத்தலாம், எதனைத் தொடரலாம் என்பது விளங்கும்.